சின்னஞ்சிறு போர்களின் கனரக ஆயுதங்கள்

"கனரக ஆயுதங்கள்" என்ற சொற்றொடரைப் பத்திரிகையில் எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. போர்க்காலச் செய்தி மேசையில் அச்சொல் தலைப்பில் ஏறினால், அதற்குக் கீழே வரப்போகும் பந்திகளில் எத்தகைய விபரங்கள் இருக்கும் என்பதை எழுதுபவனும் அறிவான், வாசிப்பவரும் அறிவார். இந்தச் சொல்லை முற்றிலும் வேறொரு பொருளில் புழங்கும் உலகம் ஒன்று இருக்கிறது. அங்கே கனரக ஆயுதத்தின் நீளம் மூன்று சென்ரிமீற்றர். அதன் குழல், தீர்ந்துபோன குமிழ்முனைப் பேனையின் மைக்குழாய். அதன் சில்லு, பழைய சட்டையொன்றின் பொத்தான். அதை இழுத்துச் செல்லும் படைவீரனின் உயரம் கட்டைவிரலின் நீளத்தில் பாதிகூட இராது. மேசைமேல் சிற்றுருவங்களை அணிவகுத்துப் போர் விளையாடுவோரின் உலகம் அது.

இந்த விளையாட்டைப் பெரியவர்களின் பிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதன் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கியபின் அவ்வாறு ஒதுக்க மனம் வரவில்லை. குறிப்பாக, கடையில் கிடைக்காத பெரிய பீரங்கிகளை விளையாடுவோர் தாமே செய்துகொண்ட கதை, உண்மையான போர்களின் கதையோடு வியப்பூட்டும் விதத்தில் பின்னிக் கிடக்கிறது.

முதலில் இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். கடையில் வாங்கிய உருவத்தின் தலையையோ கையையோ வெட்டி, வேறொன்றை ஒட்டி, புதிய உருவமாக மாற்றுவதை இத்துறையினர் "கொன்வேர்ஷன்" என்கின்றனர், உருமாற்றம் எனலாம். ஆயத்தப் பொருள் எதனையும் நம்பாமல் அட்டை, கம்பி, பலகை, களி ஆகியவற்றைக்கொண்டு அடியிலிருந்தே கட்டி எழுப்புவது "ஸ்கிரட்ச்பில்ட்". படைவீரர் உருவங்களைப் பொறுத்தவரை முதலாவதே பெருவழக்கு. கனரக ஆயுதங்களுக்கோ இரண்டாவது இன்றியமையாதது. காரணம் வணிகம்தான். ஒரு படைக்குக் காலாட்படை வீரர் நூறுபேர் வேண்டும். பீரங்கி இரண்டோ மூன்றோ போதும். விற்பனையாளன் எதனை அதிகம் வார்ப்பான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போர் விளையாட்டின் வம்சாவளியை எழுதுவோர் வழக்கமாகப் பிரஷ்யாவிலிருந்து தொடங்குவர். ரைஸ்விட்ஸ் என்ற தந்தை 1812இல் மன்னருக்குக் காட்டிய விளையாட்டை அவருடைய மகன் திருத்தியமைத்து 1824இல் இராணுவத் தலைமையிடம் சமர்ப்பித்தார். வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி, நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை அது. அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கருவியாக அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதில் பீரங்கி என்பது அடையாளமிட்ட ஒரு கட்டை மட்டுமே. செய்து பார்க்க அங்கே எதுவுமில்லை. நமது கதை இங்கிலாந்தில், ஒரு நாவலாசிரியரின் வீட்டுத் தரையில் தொடங்குகிறது.

எச்.ஜி. வெல்ஸ் இங்கிலாந்தின் தென்கரையில் சாண்ட்கேற் என்ற ஊரில் வாழ்ந்த காலத்தில், மதிய உணவு முடிந்து இருந்த நண்பர் ஒருவர் தரையில் கிடந்த விளையாட்டுப் பீரங்கியை எடுத்துப் பொம்மை வீரர்களைக் குறிபார்த்துச் சுடத் தொடங்கினார். நூலில் அந்நண்பரின் பெயர் முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்று பலரும் கருதுகின்றனர். அந்தப் பொழுதுபோக்கு வளர்ந்து, விதிகள் பெற்று, 1913இல் "லிட்டில் வோர்ஸ்" என்ற சிறு நூலாக வெளிவந்தது. உருவங்களைக்கொண்டு விளையாடும் இன்றைய போர் விளையாட்டு அனைத்துக்கும் மூலநூல் இதுவே.

வெல்ஸ் தமது விளையாட்டின் பிறப்புக்குக் காரணமாகச் சொல்வது ஒரு தத்துவத்தையல்ல, ஒரு பீரங்கியை. வில்லின் விசையால் ஏறக்குறைய ஓர் அங்குல நீளமான மர உருளையைச் சுடக்கூடிய, பின்பக்கம் குண்டேற்றும் பொம்மைப் பீரங்கி அது. ஒன்பது யார் தூரத்தில் நிற்கும் பொம்மை வீரனைப் பத்துக்கு ஒன்பது தடவை வீழ்த்தக்கூடியது என்று அவர் பெருமைப்படுகிறார். குழலை உயர்த்தவும் தாழ்த்தவும் திருகாணியும் உண்டு. அதன் பெயர் "நான்கு தசம் ஏழு".

அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

4.7 அங்குலப் பீரங்கி என்பது பிரித்தானியப் போர்க்கப்பல்களின் ஆயுதம். 1899இல் தென்னாபிரிக்காவில் போயர்களுடன் யுத்தம் மூண்டபோது, போயர்களிடம் பிரான்சின் கிரூசோ ஆலையில் செய்த 155 மில்லிமீற்றர்ப் பீரங்கிகள் இருந்தன. "லோங் ரொம்" என்று அவற்றுக்குப் பெயர். அவற்றின் தூரத்துக்கு ஈடுகொடுக்கப் பிரித்தானியத் தரைப்படையிடம் எதுவுமில்லை. அந்நேரத்தில் "ரெரிபிள்" என்ற கப்பலின் தலைவராக இருந்த கப்டன் பேர்சி ஸ்கொட், கப்பற்பீரங்கிகளைத் தரையில் நிறுத்துவதற்கு வழி கண்டார். கப்பற்றளத்துக்கெனச் செய்த பீரங்கிக்குச் சில்லும் இல்லை, வண்டியும் இல்லை. பெரிய மரக்கட்டைகளைச் சிலுவை வடிவில் அடுக்கி, அவற்றின்மேல் பீரங்கியின் தாங்கு பீடத்தை ஆணியறைந்து அவர் பொருத்தினார். சைமன்ஸ் ரவுண் துறைமுகப் பட்டறையில் நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் முடிந்த வேலை அது. அவ்வாறு ஒப்பேற்றிய இரண்டு 4.7 அங்குலப் பீரங்கிகள் "பவர்புல்" என்ற கப்பலில் டேர்பன் சென்று, அங்கிருந்து புகையிரதம் மூலம் 1899 ஒக்ரோபர் 30 அன்று லேடிஸ்மித் நகரை அடைந்தன. மூன்று நாட்களில் நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. 1900 பெப்ரவரி 28 வரை நீடித்த அம்முற்றுகையில் அப்பீரங்கிகள் பெற்ற புகழே பின்னர் கடைத்தெருவில் பொம்மையின் பெயராயிற்று.

ஆக, போர் விளையாட்டின் முதற் பீரங்கிக்குப் பெயர் கொடுத்த உண்மைப் பீரங்கியே ஓர் உருமாற்றம்தான். கப்பலுக்கென்று செய்ததை வெட்டி ஒட்டித் தரைக்கு மாற்றியது.

அதே யுத்தத்தில் இதனிலும் வியப்பான சம்பவங்கள் உண்டு. வைரச் சுரங்க நகரான கிம்பர்லி 124 நாட்கள் முற்றுகைக்குள் இருந்தது. அங்கே ஜோர்ஜ் லப்ராம் என்ற அமெரிக்கர் டி பியர்ஸ் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராகப் பணிபுரிந்தார். பீரங்கி செய்வது அவர் தொழிலல்ல. கையில் அகப்பட்ட பொறியியல் நூல்களைப் படித்து, சுரங்கத் தேவைக்கென வைத்திருந்த உருக்குத் தண்டு ஒன்றைக் கடைந்து, சில வார காலத்தில் 4.1 அங்குலப் பீரங்கி ஒன்றை அவர் உருவாக்கினார். நகரினுள் இருந்த சிசில் ரோட்ஸின் பெயரால் அது "லோங் செசில்" எனப்பட்டது. 1900 ஜனவரியில் அது சுடத் தொடங்கியது. போயர்கள் சும்மா இருக்கவில்லை. லேடிஸ்மித்தில் பிரித்தானியரின் இரவுத் தாக்குதலில் வாய்ப்பகுதி சிதைந்துபோன லோங் ரொம் ஒன்றைப் பிரிட்டோரியாப் பட்டறையில் செப்பனிட்டனர். சிதைந்த நுனியை வெட்டிக் குழலைக் குறுக்கி, கிம்பர்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினர். அதன் எறிகணை ஒன்று 1900 பெப்ரவரி 9 அன்று லப்ராம் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் வீழ்ந்து அவரைக் கொன்றது. ஒரு பக்கம் அடியிலிருந்து கட்டிய பீரங்கி, மறுபக்கம் வெட்டி ஒட்டிய பீரங்கி. மாபெகிங் முற்றுகையிலோ புகையிரதப் பட்டறைக்காரர் நீராவிக் குழாய் ஒன்றைச் சுற்றி இரும்புப் பட்டைகளை அறைந்து "வுல்ஃப்" என்றொரு பீரங்கியைச் செய்தனர். வீட்டு வாயிற்கம்பமாக நட்டிருந்த பழைய கப்பற்பீரங்கி ஒன்றையும் பிடுங்கிச் சுடவைத்தனர்.

போரில் சிறைபிடிக்கப்பட்ட போயர்கள் சுமார் ஐயாயிரம் பேர் 1900 முதல் நமது தியத்தலாவையில் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். மலைநாட்டுப் புகையிரதத்தில் அவ்வழியே செல்வோரில் எத்தனைபேர் இதை அறிவர்?

வெல்ஸிடம் திரும்புவோம். அவர் வகுத்த விதிகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. பீரங்கி ஒன்றைச் சுடுவதற்கு அல்லது நகர்த்துவதற்கு, அதிலிருந்து ஆறங்குல தூரத்துக்குள் சொந்தப் படைவீரர் நால்வரேனும் இருக்கவேண்டும். இல்லையேல் அது வெறும் ஈயத்துண்டு. ஒரு முறையில் அது சுடலாம் அல்லது நகரலாம். இரண்டையும் செய்ய முடியாது. கனரக ஆயுதம் என்பது அதனைச் சுற்றி நிற்கும் மனிதர்களே என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த இராணுவக் கைந்நூலும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை. நூலின் இறுதியில், தமது விளையாட்டை மூன்று நான்கு தடவை ஆடிப்பார்த்தவருக்கு உண்மையான போர் எத்தகைய மடமை என்பது விளங்கிவிடும் என்ற கருத்தை அவர் வலியுறுத்துகிறார். நூல் வெளியான மறு ஆண்டே உலக யுத்தம் வெடித்தது. போர்களுக்கு முடிவுகட்டும் போர் இது என்று எழுதி அந்த யுத்தத்தை ஆதரித்தவரும் அதே வெல்ஸ்தான். 1903இலேயே, இரும்புக் கவசமணிந்து நிலத்தில் ஊரும் போர் வாகனங்களைச் சிறுகதையொன்றில் அவர் கற்பனை செய்திருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. தரையில் தவழ்ந்து பொம்மைப் பீரங்கி சுட்டவரின் மனத்தில் சமாதானமும் இயந்திரமும் அருகருகே குடியிருந்திருக்கின்றன.

அந்த யுத்தத்தின் முடிவில் இன்னொரு விசித்திரம் நிகழ்ந்தது. 1919இன் வெர்செயில்ஸ் உடன்படிக்கை ஜேர்மனிக்குத் தாங்கிகளைத் தடைசெய்தது. கனரகப் பீரங்கிகளையும் ஏறக்குறைய முற்றாகப் பறித்தது. என்ன செய்தனர்? 1920களின் இராணுவப் பயிற்சிகளில், சிறு மோட்டார் வண்டிகளின்மேல் சட்டம் கட்டித் துணியும் பலகையும் போர்த்திப் போலித் தாங்கிகள் ஓடின. மரத்தாலான போலிப் பீரங்கிகள் அணிவகுத்து நின்றன. முழு அளவில், முழுச் சீருடையில் நடந்த ஸ்கிரட்ச்பில்ட் அது. பார்த்தவர்கள் சிரித்தனர். அதே படை 1940இல் பிரான்சுக்குள் புகுந்தபோது சிரிக்க எவரும் இருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் இவ்விளையாட்டை வளர்த்தவர்களில் முதன்மையானவர் டொனால்ட் பெதர்ஸ்ரோன். யுத்தத்தில் தாங்கிப் படையில் பணியாற்றியவர். பின்னர் சவுத்தாம்ரனில் இயன்மருத்துவராகத் தொழில் செய்தவர். அவர் 1962இல் வெளியிட்ட "வோர் கேம்ஸ்" என்ற நூல் ஒரு தலைமுறையையே இவ்விளையாட்டுக்கு ஈர்த்தது. இக்காலத்தில் நடந்த ஒரு மாற்றத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வெல்ஸின் விளையாட்டில் பீரங்கி உண்மையிலேயே சுட்டது. புதிய விளையாட்டில் பீரங்கி சுடவில்லை. தாயக்கட்டைதான் தீர்ப்புச் சொன்னது. மணிக்கணக்காக இருந்து வர்ணம் தீட்டிய வீரர்கள்மேல் மரக்குண்டு எறிய எவருக்குத்தான் மனம் வரும்!

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். சுடவேண்டிய பீரங்கிக்கு வில் வேண்டும், விசை வேண்டும், ஆகவே தொழிற்சாலை வேண்டும். சுடவேண்டாத பீரங்கிக்கு உருவம் மட்டுமே போதும். உருவத்தை எவரும் எதிலிருந்தும் செய்யலாம். பொம்மைப் பீரங்கி சுடுவதை நிறுத்திய நாளில்தான் கனரக ஆயுதம் தொழிற்சாலையிலிருந்து வீட்டு மேசைக்கு வந்தது.

அதே காலத்தில் 1959 முதல் எயர்பிக்ஸ் கம்பனி சின்னஞ்சிறு பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டி பெட்டியாக மலிவு விலைக்கு விற்கத் தொடங்கியது. பள்ளிச் சிறுவனும் கைச்செலவுப் பணத்தில் ஒரு படையைத் திரட்ட முடிந்தது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு வில்லங்கம் இருந்தது. பொலித்தீன் வகையைச் சேர்ந்த மென்மையான பொருள் அது. ஒட்டுப்பசை பிடிக்காது, வர்ணமும் உரிந்து கொட்டும். ஆகையால் தலையை மாற்ற விரும்பியவர் கழுத்தை வெட்டி, சூடாக்கிய குண்டூசியை உடலுக்குள் பாதி இறக்கி, மீதிப் பாதியில் புதிய தலையைக் குத்தி நிறுத்தினர். தாங்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் வந்த கடினமான பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக்கோ வேறு சாதி. அதற்குரிய பசை இரு பக்கங்களையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று உருக்கிவிடும். தகடுகளாக விற்கப்பட்ட அதே பொலிஸ்ரைரீன்தான் ஸ்கிரட்ச்பில்ட் செய்வோரின் செங்கல்லும் சாந்துமாயிற்று. கத்தியால் கீறி மடக்கினால் கீறிய கோட்டிலேயே நேராக முறியும். உருவங்கள் ஒட்டிவரும் சட்டத்தின் துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே பிடித்து, இளகியதும் மெல்ல இழுத்தால் மயிரிழை போன்ற கம்பியும் கிடைக்கும். அதுவே வானொலி அலைவாங்கி.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 72இல் ஒரு பங்கு என்ற அளவில் சராசரி மனிதன் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் உயரம் நிற்பான். 155 மில்லிமீற்றர் லோங் ரொம்மின் குழல்வாய் அந்த அளவில் 2 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். குமிழ்முனைப் பேனையின் மைக்குழாய் அதற்கு ஏறக்குறைய அச்சொட்டாகப் பொருந்திவிடும். 1.4 மீற்றர் விட்டமுள்ள சில்லு 19 மில்லிமீற்றராகும். பெரிய மேலங்கியின் பொத்தான். குப்பைக்கூடையைக் கிளறுகிறவர் என்று வீட்டாரின் ஏச்சை வாங்கும் அந்த மனிதர், உண்மையில் வகுத்தற்கணக்கு ஒன்றைத் தலைக்குள் செய்துகொண்டே கிளறுகிறார்.

ஆயினும் இக்கலையின் உச்சம் பீரங்கியில் இல்லை. அதைச் சுமப்பவனிடம்தான் இருக்கிறது. சாதாரணத் துப்பாக்கி ஏந்திய உருவத்தின் கையை வெட்டி, அவ்விடத்தில் பெரிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றை ஒட்டிவிட்டால் உருமாற்றம் முடிந்ததென்று தொடக்கநிலையினர் நினைக்கின்றனர். பார்ப்பவருக்கோ அது அட்டைத் துப்பாக்கியாகவே தோன்றும். இலண்டனில் வாழும் என் உறவினர் வீட்டுப் பையன் அவ்வாறு செய்த ஒன்றை எனக்குக் காட்டினான். ஆயுதத்தில் குறை எதுவும் இல்லை. வீரன்தான் கடைக்குப் பால் வாங்கப் போகிறவனைப்போல் நிமிர்ந்து நின்றான். கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளை நான் அவனுக்கு விபரித்தேன். முழங்கால் மடிந்திருக்கும், கால்கள் அகன்றிருக்கும், பாரம் முன்னே இருந்தால் உடல் பின்னே சாயும், பாரம் முதுகில் இருந்தால் தலை முன்னே நீளும். அடுத்த முறை அவன் இடுப்பை அறுத்து, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, இடைவெளியைப் பச்சைக் களியால் நிரப்பியிருந்தான். நீலநிறப் பட்டையும் மஞ்சள்நிறப் பட்டையுமாக வரும் இருவகைக் களியைப் பிசைந்தால் பச்சையாகும். சில மணிநேரத்தில் இறப்பர்போல் இறுகும். அதே ஆயுதம்தான், ஆனால் இப்போது அதற்குப் பாரம் இருந்தது.

முதலாம் உலக யுத்தத்தின் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியை முக்காலியுடனும் தண்ணீருடனும் சேர்த்து நிறுத்தால் சுமார் 40 கிலோ வரும். அதனை இயக்க ஆறுபேர் கொண்ட குழு வேண்டும். ஒருவன் சுட, ஒருவன் குண்டுநாடாவை ஊட்ட, ஏனையோர் சுமக்கவும் தண்ணீர் கொண்டுவரவும் வேண்டும். அதனை மேசையில் அமைக்க முனைபவர் இந்த ஆறுபேரும் எங்கெங்கே நிற்பர் என்பதைத் தேடித்தான் ஆகவேண்டும். ஆயுதங்களைப் பற்றி எழுதும் நிருபர்களில் பலர் இத்தகைய கேள்விகளை ஒருபோதும் கேட்பதில்லை.

1987இல் பிரித்தானியாவின் கேம்ஸ் வேர்க்ஷொப் கம்பனி, ரிக் பிரீஸ்ட்லி எழுதிய "வோர்ஹமர் 40,000: ரோக் ட்ரேடர்" என்ற நூலை வெளியிட்டது. நாற்பதாயிரம் ஆண்டுகள் கடந்த எதிர்காலத்தில் நடக்கும் முடிவில்லா யுத்தம். கற்பனை உலகம்தான், ஆனால் "கனரக ஆயுதங்கள்" என்று ஒரு வகையையே அது வகுத்து வைத்தது. ஒளிக்கதிர்ப் பீரங்கி, ஏவுகணை செலுத்தி, கனரகச் சுடுகருவி என்று பட்டியல் நீண்டது. வேடிக்கை என்னவென்றால், நூலில் இருந்த ஆயுதங்கள் வாகனங்கள் பலவற்றுக்குக் கடையில் உருவமே இருக்கவில்லை. நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பதே அக்காலத்துக் கொள்கை. அக்குளில் பூசும் வாசனைக் கட்டியின் வெறும் கூட்டைக்கொண்டு மிதக்கும் போர்வாகனம் செய்வது எப்படி என்று கம்பனியே தன் வாசகர்களுக்குக் கற்பித்தது. அந்த வாசனைக்கூட்டு வாகனம் இத்துறையின் மூத்தவர்களிடையே இன்றும் ஒரு புராணக் கதை. அவ்வுலகில் "ஓர்க்" எனப்படும் முரட்டு இனமொன்று உண்டு. பகைவரிடம் கொள்ளையடித்த இரும்பைத் தட்டிக் கொட்டித் தன் பீரங்கிகளைத் தானே செய்யும் இனம் அது. கோணலாக ஒட்டினாலும் பாதகமில்லை, அதுவே அவ்வினத்தின் அழகு. கைவேலை பழகும் சிறுவனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா?

கம்பனி வளர்ந்தது, கொள்கையும் மாறியது. உருவங்கள் நூலைத் தொடர்ந்து வந்த காலம் போய், உருவங்களை விற்பதற்காக நூல் எழுதும் காலம் வந்தது. தனித்தனிக் கை, கால், குழல் என்று உதிரிகளாக விற்ற சேவையும் நின்றுபோயிற்று. உருவம் இல்லாத இடத்தை வேறு சிறு கைவினைஞர் நிரப்பத் தொடங்கினர். அவர்களில் ஒன்றான அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சாப்டர்ஹவுஸ் ஸ்ரூடியோஸ் மீது கேம்ஸ் வேர்க்ஷொப் 2010 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தது. வெட்டி ஒட்டுவதற்கான மாற்றுப் பாகங்களை விற்ற மிகச் சிறிய கம்பனி அது. பெரிய சட்ட நிறுவனமொன்று கட்டணமின்றி அதன் பக்கம் நின்றது. 2013 ஜூனில் ஜூரிகள் தந்த தீர்ப்பு இரு பக்கத்துக்கும் பாதி வெற்றி, பாதி தோல்வி. சில உரிமைகள் மீறப்பட்டதாகக் கண்டு 25,000 டொலர் இழப்பீடு விதித்தனர்; வேறு பல குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. மேன்முறையீட்டு நிலையில் 2014இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தது.

விளைவு நீதிமன்றத்தில் அல்ல, நூல்களில்தான் தெரிந்தது. தானே உருவம் வெளியிடாத எதற்கும் விதி எழுதுவதைக் கம்பனி தவிர்க்கத் தொடங்கியது. விண்ணிலிருந்து பூச்சியினத்தை இறக்கும் விதையுறை போன்ற ஊர்தி ஒன்றுக்கு விதி இருந்தது, உருவம் இருக்கவில்லை. வீடுகளில் களியாலும் கடதாசிக் கூழாலும் எத்தனையோ பேர் அதனைச் செய்து வைத்திருந்தனர். 2014 ஜனவரியில் வந்த புதிய பதிப்பில் அது காணாமற் போயிற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் வேறு பெயரில், கம்பனியின் சொந்தப் பிளாஸ்டிக் உருவத்தோடு திரும்பி வந்தது. தன் படைப்பைக் காக்கக் கம்பனிக்கு உரிமை உண்டு என்பதை மறுக்கமாட்டேன். பிறர் எழுத்தைத் திருடி அச்சிடும் பத்திரிகைகளைக் கண்டு வெகுண்டவன் நான். ஆனால் "உருவம் இல்லையேல் விதியும் இல்லை" என்ற நிலை, குமிழ்முனைப் பேனையோடு உட்கார்ந்தவனின் மேசையிலிருந்து எதையோ எடுத்துவிட்டது. வெல்ஸின் நூலில் எவருடைய பீரங்கி என்ற கேள்வியே எழவில்லை.

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டது. வரைகோப்பு ஒன்றைத் தரவிறக்கி இரவில் இயந்திரத்தை முடுக்கிவிட்டுப் படுத்தால், காலையில் திரவப் பிசினிலிருந்து பீரங்கி ஒன்று எழுந்து நிற்கும். ஆணித்தலைகூடத் தெளிவாகத் தெரியும். கடையில் இல்லாத ஆயுதம் என்று இனி எதுவும் இல்லை. கம்பனிகளுக்கு இது புதிய தலைவலி. எனக்கு வேறொரு வருத்தம். அளந்து வகுத்துப் பார்த்தவனுக்கு அப்பீரங்கி தெரிந்திருந்தது. தரவிறக்கியவனுக்கு அது கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இருப்பினும் அந்த இயந்திரத்துக்கு வரைகோப்பு எழுதுகிறவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் அளந்துதான் ஆகவேண்டும்.

இவை அனைத்தையும் பார்த்து முடித்தபின் ஒரு குறை எனக்குப் புலப்பட்டது. குழலின் துவாரத்தைக்கூட நுண்ணிய துளைகருவியால் குடைந்து காட்டும் இக்கலைஞர்கள், எறிகணை சென்று விழும் இடத்துக்குச் சாயம் தோய்த்த பஞ்சு ஒன்றை வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். பீரங்கிக்கு ஆறுபேரைத் தேடியவர், மறுமுனையில் எவர் இருந்தார் என்று தேடுவதில்லை. விளையாட்டுப் படைவீரர்களே கடைகளில் குவிந்திருக்கின்றனர், சாதாரண மனிதர்களின் உருவம் கிடைப்பதில்லை என்று வெல்ஸே 1911இல் எழுதிய "ஃபுளோர் கேம்ஸ்" நூலில் அலுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கடை அலுமாரி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

லப்ராம் கொல்லப்பட்ட பின்னரும் கிம்பர்லியில் லோங் ரொம் தொடர்ந்து சுட்டது. பெண்களையும் பிள்ளைகளையும் வைரச் சுரங்கங்களுக்குள் இறங்கிப் பாதுகாப்புத் தேடுமாறு ரோட்ஸ் அறிவித்தார். சில ஆயிரம் பேர் சுரங்கத் தூக்கிகளில் நிலத்தின் அடியாழத்துக்கு இறக்கப்பட்டு, பெப்ரவரி 15 அன்று முற்றுகை நீங்கும்வரை அங்கேயே இருந்தனர். லோங் ரொம்மையும் லோங் செசிலையும் சிற்றுருவமாகச் செய்து மேசையில் நிறுத்தலாம். அந்தச் சுரங்கத்தை எவரும் செய்து வைத்திருக்க நான் இதுவரை பார்த்ததில்லை.